அப்பாவோடு 12 வாரம்: ஒரு மூளைப் பயிற்சி மையத்தில் பார்த்ததும் கற்றதும்

சென்ற வெள்ளிக்கிழமையோடு அப்பாவின் 12 வாரப் பயிற்சி முடிந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம், நானோ அம்மாவோ கூடவே உட்கார்ந்திருந்தோம். சேர்ப்பதற்கு முன் நான் தேடாத இடமில்லை, கிடைத்ததெல்லாம் விளம்பரம், உள்ளே இருந்து பார்த்த ஒருவர் எழுதியது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருந்தது, எந்த மையத்துக்குப் போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் அப்பாவுக்கு என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் 'மறதி' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவதால்தான் பலர் தங்களுக்குப் பொருந்தாத பயிற்சியில் போய்ச் சேர்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, பல வருடமாக பிபி உண்டு, சுகரும் உண்டு. அவருக்குப் பேர் மறக்கவில்லை, முகம் மறக்கவில்லை, நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் எதைச் செய்யவும் இரண்டு மடங்கு நேரம் ஆனது. பேப்பரில் ஒரே பக்கத்தில் அரை மணி நேரம் இருப்பார். நடந்துகொண்டிருப்பவரிடம் ஏதாவது கேட்டால் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒரு வேலையை ஆரம்பித்து, நடுவில் போன் அடித்துவிட்டால், அந்த வேலை அப்படியே கிடக்கும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மூளையின் வெள்ளைப் பகுதியில் ஆங்காங்கே திட்டுகளும், அவருக்கே தெரியாமல் எப்போதோ வந்துபோன இரண்டு குட்டி ஸ்ட்ரோக்கின் தழும்புகளும் இருந்தன. மூளைக்குள் ஆழத்தில் போகிற மிகச் சின்ன ரத்தக்குழாய்கள் பிபியாலும் சுகராலும் வருடக்கணக்கில் தடித்துக் குறுகிவிடுகின்றன. மூளையின் முன்பகுதியை மற்ற இடங்களோடு இணைக்கிற நரம்பிழைகளுக்கு ரத்தம் போதாமல் போகிறது. அதனால் வேகம், திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் முதலில் அடி வாங்குகின்றன. அல்சைமரில் பெரும்பாலும் புது விஷயம் பதிவதிலேயே சிக்கல். இங்கே பதிந்தது இருக்கும், எடுக்கத்தான் நேரமாகும், ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். அன்றாட வேலைகளை ஏறக்குறைய அவரே பார்த்துக்கொள்வதால் இதை டிமென்ஷியா என்று சொல்லவில்லை, லேசான அறிவாற்றல் குறைபாடு என்றார் நரம்பியல் மருத்துவர். இதைச் சரியாக்குகிற மாத்திரை என்று ஒன்று இல்லை, பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மருந்துகளை ஒருநாளும் விடக்கூடாது, அதற்கு மேல் செய்ய வேண்டியதெல்லாம் மருந்தில்லாத வழிகள்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மையத்தில் சேரப் போன அன்று அவர்கள் பெருமையாகக் காட்டியது கம்ப்யூட்டர் அறையைத்தான். பெரிய தொடுதிரைகள், ஹெட்போன், சுவரில் மூளையின் படம். நடைப் பயிற்சிக் கூடத்தைப் போகிற போக்கில் கை காட்டினார்கள். 12 வாரம் கழித்துச் சொல்கிறேன், அப்பாவுக்கு உதவியது அந்தக் கூடமும், அதை அடுத்து இருந்த ஒரு சின்ன மேஜையும்.

நடையைப் பற்றி முதலில். ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணி நேரம் அதுதான். உள்ளே நுழைந்ததும் பிபி பார்ப்பார்கள், அதிகமாக இருந்தால் அன்றைக்கு நடை கிடையாது, உட்கார்ந்து செய்கிற பயிற்சிதான். பிறகு பத்து நிமிடம் கைகால்களைத் தளர்த்தி, அப்புறம் வேக நடை. எவ்வளவு வேகம் என்பதற்கு பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது: "நடக்கும்போது பேச முடியணும் சார், ஆனா பாட முடியக்கூடாது." அப்பா முதல் வாரம் எட்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் நடந்தார். அந்த பிசியோதெரபிஸ்ட் வெறுமனே "நடங்க, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லை, நான் கேட்டபோது கனடாவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். சரியாக அப்பா மாதிரியானவர்கள், சின்ன ரத்தக்குழாய் பாதிப்பால் லேசான குறைபாடு வந்த 70 பேர். பாதிப் பேர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஆறு மாதம் நடைப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையும் ஆலோசனையும் மட்டும். அறிவாற்றல் பரிசோதனையில் நடந்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது, பிபியின் கீழ் அளவும் குறைந்தது. ஆனால் முன்னேற்றம் சிறியதுதான், அதைவிட முக்கியம், வகுப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைத் தானாகவே சொன்னாரே, அங்கேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. "இங்க வந்து நடக்கிறது 12 வாரம்தான், அதுக்கப்புறம் நீங்க நடக்க வைக்கலைன்னா நான் செஞ்சதுக்கு அர்த்தமில்லை" என்றார்.

ஆறாவது வாரத்திலிருந்து நடந்துகொண்டே பேசுகிற பயிற்சியும் சேர்ந்தது. நடந்தபடியே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்ல வேண்டும், அல்லது விலங்குகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதல் நாள் அப்பா 97 என்று சொல்லி நின்றார், 94 என்று சொல்லி நின்றார். இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி அதைப் பின்னால் ஒருவர் பிடித்தபடியே வந்தார். இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், கவனம் பிரிந்தால் கால் தடுக்கும், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எல்லாப் பயிற்சியும் போய்விடும்.

இப்போது கம்ப்யூட்டர் அறை. திரையில் வண்ணக் கட்டங்கள் மின்னும், எந்த வரிசையில் மின்னியதோ அதே வரிசையில் தொட வேண்டும், இப்படி ஏழெட்டு விளையாட்டுகள். அப்பா ஒன்றில் நான்காம் நிலையிலிருந்து பதினொன்றாம் நிலைக்குப் போனார். ஒவ்வொரு வாரமும் வரைபடம் எடுத்துக் கையில் கொடுத்தார்கள், கோடு அழகாக மேலே ஏறியது. ஆனால் வீட்டில் போன் அடித்தால் கையில் இருந்த வேலை அப்படியேதான் கிடந்தது. எதைப் பழகுகிறோமோ அதில் தேறுவோம், அந்தத் தேர்ச்சி மற்ற வேலைகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. சீனாவில் இதே பாதிப்பு உள்ள 60 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம். பயிற்சி முடிந்த சமயத்தில் அறிவாற்றல் பரிசோதனையில் மதிப்பெண் கூடியது உண்மை, ஆறு மாதத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை, அந்த ஆய்வில் செய்த அளவுக்கு இங்கே செய்யவே இல்லை என்பதுதான் என் குறை. அப்பாவுக்குக் கிடைத்தது வாரத்தில் மூன்று நாள், இருபது இருபது நிமிடம். இதையே மையத்தின் முகமாக வைத்து விளம்பரம் செய்வது நியாயமாகப் படவில்லை. 2016இல் அமெரிக்காவில் லூமோசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம், முதுமையில் வருகிற அறிவுத் தேய்வைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அரசு வழக்குப் போட, 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. திரையில் ஏறும் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் நேரக் கெடு உண்டு. அப்பாவின் பிரச்சினையே வேகம். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் வரும், அவர் திரையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நேரக் கெடுவை நிறுத்த முடியுமா என்று நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் நிறுத்தினார்கள், அமைப்பில் ஒரு பொத்தானை மாற்றுவதுதான் வேலை. உங்கள் வீட்டுப் பெரியவர் மெதுவாகிவிட்டவர் என்றால் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

சரி, அந்தச் சின்ன மேஜை. அங்கே உட்கார்ந்திருந்தவர் தொழில்வழி சிகிச்சை செய்பவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பார்கள், இளம்பெண். முதல் நாள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஐயா, எந்த ஒரு வேலையை நீங்களே மறுபடி செய்யணும்னு ஆசை?" அப்பா ரொம்ப நேரம் யோசித்தார், நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பெண் கண்ணாலேயே என்னை நிறுத்தினார். ஒரு நிமிடம் போயிருக்கும். "மாத்திரையை நானே எடுத்து வெச்சுக்கணும். கையில கொடுத்து வாங்கிச் சாப்பிடறது எனக்குப் பிடிக்கலை" என்றார் அப்பா. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. மூன்று வேளையும் அம்மா எடுத்துக் கொடுப்பதை ஓர் உதவியாகத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு 12 வாரமும் அந்த மேஜையில் ஒரே வேலை, ஏழு நாளுக்கும் மூன்று வேளைக்குமான 21 கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டியை நிரப்புவது. செய்ய வேண்டியதை நான்கு வரியில் ஓர் அட்டையில் எழுதினார்கள், ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் அப்பா 'நில், பார், போடு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தப்பே வராதபடி அந்தப் பெண் ஒவ்வொரு அடியும் கூடச் சொன்னார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறிப்பைக் குறைத்தார். ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் அப்பா மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்த, அது தெறித்து மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. அவர் குனிந்தார், எடுத்தார், நிமிர்ந்தார், அவ்வளவுதான், எந்தக் கட்டத்தில் இருந்தோம் என்பது போய்விட்டது. விரல் பெட்டிமேல் அப்படியே நின்றது. அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "நில்" என்றார் அப்பா, தனக்குத்தானே. பிறகு கடைசியாக நிரம்பியிருந்த கட்டத்தைத் தொட்டு, "செவ்வாய் மத்தியானம். அப்போ இது செவ்வாய் ராத்திரி" என்று சொல்லிப் போட்டார். போன் அடித்தால் வேலை கிடந்துவிடுகிறது என்றேனே, அதற்கான மருந்து எனக்குத் தெரிந்து இதுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே நிரப்புகிறார், அம்மா கடைசியில் ஒரு முறை சரிபார்ப்பதோடு சரி.

இந்த வழிக்கும் ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் லிண்டா கிளேர் என்ற ஆய்வாளரின் தலைமையில் 475 பேரை வைத்து நடந்த ஆய்வில், அவரவர் தேர்ந்தெடுத்த இலக்கைப் பழக்கியபோது அந்த வேலையில் தெளிவான முன்னேற்றம் வந்தது, ஒன்பது மாதம் வரை நின்றது. அவர்கள் ஆரம்பக்கட்ட டிமென்ஷியா உள்ளவர்கள், ரத்தக்குழாய் பாதிப்பால் வந்தவர்களும் அதில் உண்டு. நினைவுப் பரிசோதனையின் மதிப்பெண் கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அது கூட வேண்டும் என்பது நோக்கமும் இல்லை.

மையம் செய்த இன்னொரு நல்ல காரியம், சேரும்போதே காதைப் பரிசோதித்தது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது, பேச்சுக்குப் பதில் சொல்லத் தாமதமானதில் ஒரு பகுதி காதால் வந்தது. காதுக்கருவி மாட்டிய மூன்றாவது நாள் குழுப் பேச்சு நேரத்தில் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் தானாகப் பேச ஆரம்பித்தார். அமெரிக்காவில் 977 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காதுக்கருவியால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அறிவுத் தேய்வுக்கு ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம் மூன்று வருடத்தில் தேய்வின் வேகம் 48 சதவீதம் குறைந்தது. மறதி என்று எங்கே போனாலும் முதலில் காதும் கண்ணும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பிபி நோட்டு ஒன்று கொடுத்தார்கள், காலையும் மாலையும் வீட்டில் எழுத வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 9,361 பேரிடம் நடந்த ஸ்ப்ரின்ட் ஆய்வில், பிபியின் மேல் அளவை 140க்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு புதிதாக வருவது 19 சதவீதம் குறைந்தது, 2019இல் அந்த முடிவு வந்தது. யாருக்கு எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், எழுந்து நின்றால் தலைசுற்றுகிறவருக்குக் கணக்கே வேறு. அப்பாவின் நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரை நேரத்தை மாற்றினார்.

அக்குபங்சர் தனிக் கட்டணத்தில் இருந்தது, நாங்கள் எடுக்கவில்லை. அதில் ஆய்வுகள் ஏராளம், பெரும்பாலானவை சின்னவை, ஊசி போட்டுக்கொண்டவருக்குத் தனக்குப் போட்டது தெரியும் என்பதால் முடிவை நம்புவது கடினம். இசை, வாசனை எல்லாம் இதமாக இருந்தன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆனால் காந்தத் தூண்டல் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. தலையில் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுகிற சிகிச்சை, மனச்சோர்வுக்குப் பல நாடுகளில் அனுமதி பெற்றது, அப்பாவின் பிரச்சினைக்கு இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. நான்காவது வாரத்திலிருந்து வாரா வாரம் கேட்டார்கள். கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில், அரிதாக வலிப்பு வரலாம் என்பதோ, பேஸ்மேக்கரோ தலைக்குள் உலோகமோ இருப்பவருக்குக் கூடாது என்பதோ ஒரு வரிகூட இல்லை. நாங்கள் மறுத்துவிட்டோம். பயத்தில் இருக்கிற குடும்பத்திடம் இப்படிச் செய்வது தப்பு.

மதிப்பெண் விஷயமும் அப்படித்தான். சேரும்போது மோகா என்ற பரிசோதனை செய்தார்கள், 30க்கு 22. கடிகாரம் வரைவது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, ஐந்து சொற்களை ஐந்து நிமிடம் கழித்துச் சொல்வது, பத்து நிமிட வேலை. 2005இல் வந்த பரிசோதனை, வேகமும் திட்டமிடுதலும் குறைந்தவர்களைக் கண்டுபிடிக்க நல்ல கருவி. கடைசி நாள் 25 என்று சொல்லிக் கை கொடுத்தார்கள். அப்பா வெளியே வந்து, "அதே அஞ்சு வார்த்தைதான்டா, முதல்லயே தெரியும்" என்றார். நடுவிலும் இரண்டு முறை அதே தாளை வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் ஆகாமல் இருக்கத்தான் அந்தப் பரிசோதனைக்கு வேறு வேறு வடிவங்கள் இருக்கின்றன. பிறகு எங்கள் மருத்துவர் வேறு வடிவத்தில் செய்து பார்த்தார், 23. ஒரு மதிப்பெண் ஏறியது என்பது ஏறியதாகவே கணக்கில்லை, இறங்கவில்லை என்பது எனக்குப் போதும்.

குடும்பத்துக்கு என்று மொத்தமே ஒரு வகுப்புதான் வைத்தார்கள், அதை நான்காக வைத்திருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில், எதிலும் நாட்டம் இல்லாமல் உட்கார்ந்தே இருப்பது சோம்பல் இல்லை, மூளையின் முன்பகுதி இணைப்புகள் அடிபட்டதால் ஒன்றை ஆரம்பிக்கிற உந்துதலே வராமல் போகிறது, கூப்பிட்டுத் தொடங்கி வைத்தால் தொடர்வார்கள் என்று விளக்கினார்கள். அம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இரண்டு வருஷமா இவரைத் திட்டியிருக்கேனே" என்று அழுதார். இப்போது மாலை ஐந்து மணிக்கு அம்மாவே செருப்பை எடுத்து வைத்துவிட்டு, "வாங்க, போகலாம்" என்கிறார், "போங்க" என்பதில்லை. அப்பா எழுந்துவிடுகிறார்.

இந்த மையத்தின் மிகப் பெரிய ஓட்டை பதின்மூன்றாவது வாரம். கடைசி நாள் ஒரு தாள், அதில் பத்துப் பயிற்சிப் படங்கள், அவ்வளவுதான். நிறுத்தினால் பலன் போய்விடும் என்று அவர்களுடைய பிசியோதெரபிஸ்டே சொல்கிறார், பிறகு மாதம் ஒரு முறையாவது கூப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு இருக்க வேண்டாமா? பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிபி போன்றவற்றின் கண்காணிப்பு நான்கையும் சேர்த்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஃபிங்கர் ஆய்வில் அறிவாற்றல் பரிசோதனையில் மற்றவர்களைவிட முன்னேற்றம் 25 சதவீதம் அதிகம் வந்தது, அவர்கள் குறைபாடு வராத ஆனால் ஆபத்து உள்ளவர்கள், அதற்கே விடாமல் இரண்டு வருடம் செய்தார்கள். 12 வாரம் என்பது பழக்கத்தை ஆரம்பித்து வைக்கத்தான்.

மறுபடி சேர்ப்பேனா என்றால், நடைக்கும் அந்த மேஜைக்கும் சேர்ப்பேன், மற்றதை வேண்டாம் என்று சொல்லிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வேன். நல்ல பிசியோதெரபிஸ்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் தனித்தனியாகக் கிடைத்தால் மையமே தேவையில்லை. நாங்கள் இப்போது வாரத்தில் ஐந்து நாள் நடை, ஞாயிறு மாத்திரைப் பெட்டி, பிபி நோட்டு என்று வைத்திருக்கிறோம். அப்பா அடுத்த இலக்காக மின்கட்டணத்தைப் போனில் தானே கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், அதற்கான அட்டையை நானும் அவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம், ஐந்தாவது அடியில் வருகிற கடவுச்சொல் இடத்தில்தான் இன்னும் தடுமாறுகிறார். ஆறு மாதம் கழித்து வேறு வடிவத் தாளில் மோகா இருக்கிறது. எவ்வளவு வந்தாலும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.